செவ்வரத்தம்பூ தின்ற வெளிச்சம்

பல்லேகல என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கிரிக்கெட் மைதானம்தான். இங்கே இருக்கிறவர்களுக்கு அதோடு கைத்தொழில் பேட்டையும், திகன போகிற பஸ்களும், பின்னேரமானால் நக்கிள்ஸ் பக்கத்திலிருந்து இறங்குகிற முகிலும் இருக்கு. இரவு மெட்ச் நடந்தால் மைதானத்து விளக்குகள் அந்த முகிலின் அடியை வெள்ளையடித்த மாதிரி ஆக்கிவிடும். எல்லாரும் ஸ்கோர் பார்க்கிற நேரத்தில் எனக்கு ஒரு வேலையில்லாத வேலை இருக்கும். வேலியோரத்துச் செவ்வரத்தை இப்போது என்ன நிறத்தில் தெரிகிறது என்று போய்ப் பார்ப்பேன். (அது ஒரு நாள் பூ. இரவானால் சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் கொஞ்சம் நேரத்தோடு போகவேண்டும்.)

பகலில் அது நல்ல சிவப்பு. பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் கிட்டத்தட்ட மண்ணிறம், தள்ளி நின்றால் கறுப்பு. புதிதாகப் போட்ட எல்ஈடி விளக்கின் கீழ் திரும்பவும் சிவப்பு, ஆனால் பகலில் பார்த்த சிவப்பு இல்லை. கழுவிக் கழுவி வெளிறிய சட்டை மாதிரி ஒரு சிவப்பு. பூ அப்படியேதான் இருக்கு. மாறியது அதன்மேல் விழுகிற வெளிச்சம். சோடியம் விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் மஞ்சள், அலைநீளம் 589 நானோமீற்றரும் அதன் அக்கம்பக்கமும். அதில் சிவப்பு குறைவு, ஆகவே பூ திருப்பிக் கொடுக்கவும் அதிகம் இல்லை. வெள்ளை எல்ஈடி உண்மையில் ஒரு நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆழ்ந்த சிவப்பு அதில் கொஞ்சம்தான். அந்த நீல எல்ஈடியைச் செய்ததற்குத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, சிவப்பு என்பது பூவுக்குள் போத்தலில் அடைத்த சாயம் மாதிரி இருக்கிற ஒன்றில்லை. வந்த வெளிச்சத்தில் பூ தின்றது போக மிச்சம்தான் அது. நாம் பூவைப் பார்த்து 'என்ன நிறம்!' என்று சொல்வது அது வேண்டாம் என்று விட்டதைப் பார்த்துத்தான்.

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழியில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒளி என்ற பாடம் வந்தால் அவர்களுக்குக் கதிர்ப்படம்தான்: வில்லை, அரியம், அவதிக் கோணம். அடிமட்டம் வைத்துக் கோடு கீறினால் புள்ளி வரும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கண்ணாடி போட்டிருக்கிற நான் வில்லையைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் படங்களில் எல்லாம் ஒளி ஒரு பொருளில் பட்டுத் திரும்பும், அல்லது வளைந்து வெளியே போகும். உள்ளே போய் திரும்பி வராத ஒளிக்கு என்ன நடக்கிறது? எனக்கு ருசியான இடம் அதுதான். கறுப்புக் குடை சூடேறுவதும், ஜன்னல் சேலை வெளிறுவதும், தேயிலைக் கொழுந்து வளர்வதும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

செவ்வரத்தம்பூவில் ஒளியைத் தின்கிறது சயனிடின் என்ற மூலக்கூறு. அந்தோசயனின் என்கிற பெரிய குடும்பத்தில் ஒன்று. சந்தேகம் இருந்தால் இதழைக் கசக்கி வெந்நீரில் போட்டு, ஒரு பங்குக்குத் தேசிக்காய்ச் சாறும் இன்னொரு பங்குக்குச் சவர்க்காரத் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். ஒன்று பளிச்சென்று சிவக்கும், மற்றது பச்சை நீலமாகப் போகும். அமிலமும் காரமும் அந்த மூலக்கூறின் உருவத்தைக் கொஞ்சம் மாற்றுகின்றன. அதனால் அது தின்கிற ஒளி மாறுகிறது, மிச்சமும் மாறுகிறது.

வழமையாகச் சயனிடின் தின்பது பச்சையை. ஒரு பச்சைப் போட்டன் உள்ளே வந்தால் அதிலுள்ள ஓர் இலத்திரன் ஒரு படி மேலே ஏறும். மேலே தங்க அதற்கு இடமில்லை, உடனே கீழே விழும். விழும்போது விடுகிற சக்தி மூலக்கூறின் நடுக்கமாகி வெப்பமாகப் போய்விடும். ஒரு பூ முழுப் பகலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கோடானுகோடி இலத்திரன்கள் ஏறுவதும் விழுவதும், ஒன்றுக்கும் உதவாத கொஞ்சம் சூடும்.

'ஒரு படி' என்று சொன்னேன். அங்கேதான் பிள்ளைகள் நிற்பார்கள். ஏன் படி? ஏன் சரிவுப் பாதை மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறக்கூடாது?

இதற்கு நான் மதில் கதை சொல்வேன். மைதானத்து மதிலுக்கு மேலால் பந்தை வெளியே எறியவேண்டும். நூறு சின்னப்பிள்ளைகள் நின்று மெதுவாக எறிந்தாலும் ஒரு பந்தாவது வெளியே போகாது. நூறு பேருடைய பலத்தையும் சேர்த்தால் பெரிய பலம்தான், ஆனால் அது ஒரு பந்தில் சேராதே. வளர்ந்த ஒருத்தர் தனியாக எறிந்தால் போய்விடும். சிவப்பு ஒளி அந்தச் சின்னப்பிள்ளைகள். எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் சில உலோகங்களிலிருந்து ஓர் இலத்திரனைக்கூட வெளியே எடுக்காது. மங்கலான ஊதாக்கடந்த ஒளி எடுத்துவிடும். ஒரு போட்டன், ஓர் இலத்திரன், சீட்டுப் போட்டு நாலு பேர் சேர்ந்து கட்டுகிற கதை இங்கே இல்லை. இதை 1905இல் சொன்னவர் ஐன்ஸ்டைன். 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்கு இதற்காகத்தான், சார்புக் கொள்கைக்காக இல்லை. இதைச் சொன்னால் வகுப்பில் பாதிப்பேர் இன்னும் நம்புவதில்லை.

படிகளே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பழைய பௌதிகவியலின்படி, வளைந்து ஓடுகிற எந்த ஏற்றமும் ஒளியைக் கக்கிக்கொண்டே போகவேண்டும். அணுவைச் சுற்றுகிற இலத்திரனும் அப்படிக் கக்கிக் கக்கி, செக்கனின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கருவுக்குள் விழுந்துவிடவேண்டும். பூவும் இல்லை, பூவைப் பார்க்கிறவளும் இல்லை. இந்தச் சிக்கலைக் கணக்கில் துருவிப் பார்த்தவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர்: சி. ஜே. எலியேசர். கேம்பிரிட்ஜில் இருந்தபோது, இலத்திரன் தான் கக்குகிற ஒளியாலேயே பின்னுக்குத் தள்ளப்படுவதையும் சேர்த்து டிராக் எழுதிய சமன்பாட்டை எடுத்து, அதை ஐதரசன் அணுவுக்குப் போட்டுப் பார்த்தார். 1943இல் வந்த அவருடைய கட்டுரையின் முடிவு விசித்திரமானது. கருவை நோக்கி நேராகப் போகிற இலத்திரன் கருவில் போய் மோதவே மாட்டாது. போகிற வழியில் நின்று, திரும்பி, வேகம் கூடிக் கூடி எங்கோ ஓடிவிடும். ஈர்க்கிற ஒன்றை நோக்கிப் போனது, ஈர்ப்பையே மதிக்காமல் ஓடிப்போகிறது! உண்மை இலத்திரன் அப்படி ஓடுவதில்லை. பழைய பௌதிகவியலைச் சின்னத் திருத்தங்களால் காப்பாற்ற முடியாது என்பதற்கு இவ்வளவு அழகான ஆதாரம் எனக்குத் தெரிந்து குறைவு. அவர் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, மலாயாவுக்கும் அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் போனார்.

ராமனின் பெயர் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், பொது அறிவுப் போட்டிக்கு வருகிறதே. ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது கொஞ்சம் சக்தியை அதற்குக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வரும் என்பதுதான் அவர் 1928இல் கல்கத்தாவில் கண்டது, அதுவும் தொடக்கத்தில் சூரிய வெளிச்சத்தையே வைத்துக்கொண்டு. எலியேசரின் பெயரைக் கேட்டால் வகுப்பு பேசாமல் இருக்கும். 'நம்மாள்' என்று பெருமைப்பட்டு ஒரு போஸ்டர் அடிக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தப் பெருமையில் எனக்கு அலுப்பு. அவர் கேட்ட கேள்வி நம் பிள்ளைகள் கேட்கிற 'ஏன் படி?' என்ற கேள்விக்கு மிகக் கிட்ட இருக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

திரும்பவும் பூவுக்கு வருவோம். மேலே ஏறிய இலத்திரன் விழுவதற்கு முன் அதை யாராவது பிடித்து வேறு வழியில் அனுப்பினால்?

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க உபகரணம் தேவையில்லை, பொல்கொல்லை போதும். மகாவலி தன்பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த ஆறு. பொல்கொல்லையில் 1976இல் அணைக்கட்டுப் போட்டு, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் திருப்பி, உக்குவெலவில் மின்சாரம் எடுத்து, வடக்கே வயல்களுக்கு விட்டார்கள். ஆறு விழுவதை யாரும் நிறுத்தவில்லை, விழுகிற பாதையை மாற்றினார்கள், நடுவில் ஒரு சுழலியை வைத்தார்கள். பூவின் இலத்திரனுக்கும் இப்படி ஒரு சுரங்கம் வேண்டும். பொல்கொல்லையில் இல்லாத ஒரு வசதியும் இங்கே இருக்கு: கீழே போனதைத் திரும்ப மேலே ஏற்ற வெயில் இருக்கிறது.

அந்தச் சுரங்கம் ஒரு வெள்ளைத் தூள். தைத்தேனியம் ஈரொட்சைட்டு. நீங்கள் காலையில் பல் தீட்டிய பேஸ்ட்டிலும், சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ட்டிலும், வெயிலுக்குப் பூசுகிற கிறீமிலும் அது இருக்கலாம். அது ஏன் வெள்ளை? கண்ணுக்குத் தெரிகிற ஒளி எதையும் அது தின்பதில்லை, எல்லாவற்றையும் சிதறடித்துத் திருப்பி விடுகிறது. அதன் மதில் உயரம். குறைகடத்திப் பாஷையில் சொன்னால் சக்தி இடைவெளி சுமார் 3.2 இலத்திரன்வோல்ற்று. 388 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட ஊதாக்கடந்த ஒளிதான் அதைத் தாண்டவைக்கும், சூரிய ஒளியில் அந்த மாதிரி ஒளி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான். தனியே விட்டால் இந்தத் தூள் வெயிலில் சோம்பேறி. ஆனால் வேறு யாராவது மேலே ஏற்றித் தந்த இலத்திரனை வாங்கிக் கடத்துவதில் கெட்டிக்காரன். ஆக, ஒளியைத் தின்னப் பூவின் சாயம், இலத்திரனைக் கொண்டுபோக வெள்ளைத் தூள். சயனிடின் அந்தத் தூளில் தன் இரண்டு ஐதரொட்சில் கைகளால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியதும் சிவப்பு ஊதாவாக மாறுவதை நேரில் பார்க்கலாம். பிடித்தபிறகு இலத்திரன் தாவ எடுக்கிற நேரம் ஒரு பிக்கோசெக்கனுக்கும் குறைவு, அதாவது செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. விழுவதற்கு முன் பிடிக்கவேண்டும் என்றால் அந்த வேகம் வேண்டும்தானே.

தைத்தேனியத்தைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றும் ரூத்தைலும் கறுப்புக் கறுப்பாகக் கிடக்கின்றன. இரண்டும் தைத்தேனியத் தாதுக்கள். அந்த மணலைப் பெரும்பாலும் மணலாகவே கப்பலில் ஏற்றுகிறோம், பெயின்ட்டாகவும் பேஸ்ட்டாகவும் திரும்ப வாங்குகிறோம். இது எல்லா மேடையிலும் பேசப்படுகிற பேச்சு, நான் நீட்டவில்லை.

சாயத்தை இந்த வெள்ளைத் தூளில் ஒட்டி உருப்படியான சூரியக் கலம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியது 1991. சுவிற்சர்லாந்தில் ஓறீகனும் கிரெட்செல்லும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் பாவித்த சாயம் ருத்தேனியம் என்ற விலைகூடிய உலோகத்தின் சேர்வை, வினைத்திறன் 7 வீதத்துக்கு மேல். அவர்களுடைய சூட்சுமம் தூளை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி, பஞ்சு மாதிரித் துளைகளோடு படியவைத்தது. வெளியே பார்த்தால் ஒரு சதுர அங்குலம், உள்ளே விரித்தால் அதைப்போலப் பல நூறு மடங்கு பரப்பு. அவ்வளவு இடத்திலும் சாயம் ஒட்டலாம். இலத்திரனை இழந்த சாயத்துக்கு அதைத் திருப்பிக் கொடுக்க அயடீன் கலந்த ஒரு திரவம். பலவீனம் அங்கேதான் இருந்தது. திரவம் என்றால் காயும், கசியும், சூட்டில் விரியும்.

அந்தத் திரவத்தைத் தூக்கிவிட்டுத் திண்மம் ஒன்றை வைக்கலாமா என்று உலகத்திலேயே முதல் வரிசையில் நின்று பார்த்தவர்கள் கண்டியில் இருந்தார்கள். ஹந்தானை வீதியில் இருக்கிற அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அங்கே ஆய்வுசெய்து, பிறகு அதன் பணிப்பாளராகவும் இருந்தவர் பௌதிகவியலாளர் கீர்த்தி தென்னகோன். அவரும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்ட கலத்தில் மூன்றே விஷயம்: துளைகளோடு படிந்த தைத்தேனியம் ஈரொட்சைட்டு, அதன்மேல் பூக்களில் இருக்கிற அதே சயனிடின், அதற்கு மேல் திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மம். முழுக்கத் திண்மம். கவிழ்த்தாலும் ஒழுகாது. இந்த வகைக் கலத்துக்கு வேறொரு சேதனத் திண்மத்தைக் கண்டுபிடித்து கிரெட்செல் குழு 'நேச்சர்' இதழில் எழுதியது 1998இல்.

பஸ்ஸில் கண்டி போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற மலை ஹந்தானை. ட்ரக்கிங் போகிற மலை, காதலர்கள் போகிற மலை, பேராதனை மாணவர்களின் பாட்டில் வருகிற மலை. அங்கே ஒருத்தர் பூச்சாயத்தில் மின்சாரம் எடுத்தார் என்று நான் உயர்தரம் படித்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னாளில் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் அடியில் 'கண்டி' என்று முகவரி கிடந்ததைப் பார்த்துத்தான் தெரியவந்தது. நேரம் போனதில் கவலை இல்லை. ஆனால் தமிழில் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் செய்தி வந்துசேர எத்தனை கதவு தாண்டவேண்டியிருக்கு என்று யோசித்தேன். ஆங்கிலம் ஒரு கதவு, சிங்களம் ஒரு கதவு. தோட்டப் பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலை அதற்கு முன்னாலேயே பூட்டிக் கிடக்கிற கதவு.

இதை நான் வகுப்பில் சொன்னபோது கேள்வி கேட்டது, தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பிள்ளை. கணக்குப் பிரிவை விட்டு வர்த்தகத்துக்கு மாறலாமா என்று அப்போதே யோசித்துக்கொண்டிருந்தவள்.

"மிஸ், அப்ப ஏன் எல்லார் வீட்டுக் கூரையிலயும் வேற பனல் இருக்கு? இது தோத்துப்போச்சா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை அவள். மெழுகுதிரி விலை ஏற ஏற ஃபோன் வெளிச்சத்தில் படித்தவர்கள் இவர்கள். விக்டோரியா நீர்த்தேக்கம் இங்கிருந்து கூப்பிடு தூரம், 210 மெகாவாற்று. இருந்தும் நாங்கள் இருட்டில்தான் இருந்தோம். 'பூவில் மின்சாரம் எடுக்கலாம்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, 'எங்கே அந்த மின்சாரம்?' என்று கேட்டால் முழிக்கக்கூடாது.

ஆகவே உள்ளதைச் சொன்னேன். கூரைக்கு வரவில்லை என்பது உண்மை. பூச்சாயம் வெயிலில் வெளிறும், நம் ஜன்னல் சேலை மாதிரியே. சயனிடின் தின்பது வானவில்லில் ஒரு துண்டைத்தான், மிச்சம் வீண். செப்பு அயடைட்டின் பளிங்குகள் பெரிதாக வளர்ந்துவிடும், பெரிய பளிங்கு சின்னத் துளைக்குள் இறங்காது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தென்னகோனின் குழு பின்னாட்களில் வழி கண்டது, என்றாலும் ஆயுள் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. இதற்கிடையில் சிலிக்கன் பனலின் விலை, யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு விழுந்தது. நூற்றுக்கு இருபது வீதம் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கிற ஒன்று மலிவாகக் கிடைக்கும்போது பூவை யார் வாங்குவார்கள்? நானும் வாங்கமாட்டேன்.

ஆனால் 'தோற்றது' என்ற சொல் இங்கே பொருந்துகிறதா என்பது வேறு விஷயம். 2009இல் ஜப்பானில் மியாசக்காவின் குழு, இதே சாயக் கலத்தில் சாயத்துக்குப் பதிலாகப் பெரொவ்ஸ்கைற்று என்ற பளிங்குப் பொருளை வைத்துப் பார்த்தது. கிடைத்தது 3.8 வீதம். திரவத்தில் அந்தப் பளிங்கு கரைந்து வீணாகியது. 2012இல் வேறு குழுக்கள் திரவத்தை எடுத்துவிட்டுத் திண்மத்தை வைத்தன, அதன்பிறகு வினைத்திறன் ஏறிய ஏற்றம் பௌதிகவியலில் அபூர்வம். இன்று ஆய்வுகூடத்தில் 25 வீதத்தைத் தாண்டி நிற்கிறது. 2014இல் அந்தப் பெரொவ்ஸ்கைற்றுக்கு மலிவான திண்மம் தேடியவர்கள் எடுத்துப் பார்த்ததில் ஒன்று செப்பு அயடைட்டு. நம்ம ஹந்தானைச் சாமான்தான். இதையும் பூசி மெழுகவில்லை: பெரொவ்ஸ்கைற்றில் ஈயம் இருக்கு, ஈரம் பட்டால் கெடும், கண்டி மழையில் அதை நம்பி நான் கூரையில் ஏற்றமாட்டேன். ஒரு கேள்வி கைமாறிப் போன வழியைக் காட்டத்தான் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை. சொன்னால் நம்புகிற வயசும் இல்லை.

சரி, செய்தே பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். பாடசாலை ஆய்வுகூடத்தில் பழச்சாயம் வைத்து இந்தக் கலத்தைச் செய்யும் முறையை ஸ்மெஸ்டாடும் கிரெட்செல்லும் 1998இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிறார்கள். கஷ்டமானது ஒரே ஒரு சாமான்தான், மின் கடத்துகிற கண்ணாடி. அதை மட்டும் ஒன்லைனில் எடுத்தோம். வெள்ளைத் தூளை வினாகிரி விட்டுக் குழைத்துக் கண்ணாடியில் தடவி, 450 பாகை செல்சியசில் சுடவேண்டும். கம்பஸில் படிக்கிற நண்பர் ஒருவர் சுட்டுத் தந்தார். மற்றப் பக்கத்துக் கண்ணாடிக்குக் காரியம் பூசவேண்டும். போகலைச் சுரங்கத்துக் காரியத்துக்கு உலகத்தில் பெயர் இருக்கு, நாங்கள் பாவித்தது பென்சில். செவ்வரத்தம்பூ எல்லார் வேலியிலும் இருந்தது. ஒருத்தி கோயிலுக்குப் பறித்த பூவில் பாதியைக் கொண்டுவந்துவிட்டு, அம்மா ஏசுவாங்க என்று பயந்துகொண்டிருந்தாள்.

வெள்ளைப் பூச்சைப் பூச்சாற்றில் பத்து நிமிஷம் போட்டு எடுத்தபோது அது ஊதாவாக மாறியிருந்தது. கழுவினோம், போகவில்லை. அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. இரண்டு கண்ணாடியையும் சேர்த்துக் கிளிப் போட்டு, விளிம்பில் அயடீன் திரவம் ஒரு துளி. அது தன்பாட்டுக்கு உள்ளே இழுபட்டுப் போனது. முற்றத்துக்குக் கொண்டுபோய் மல்ரிமீற்றரை மாட்டினால் 0.36 வோல்ற்று. கையால் மறைத்தால் விழுந்தது, எடுத்தால் ஏறியது. முகில் வந்தது, இறங்கியது. பிறகு நடந்தது பாடம் இல்லை, விளையாட்டு: ஆளாளுக்குக் கை நீட்டி நிழல் போடுவதும் இலக்கத்தை வாசிப்பதும். ஒரு சிவப்பு எல்ஈடியை எரிக்க எத்தனை கலம் வேண்டும் என்று ஒருத்தன் கணக்குப் போட்டான். தொடராக ஐந்தாறு வேண்டும், அப்படிப் போட்டாலும் ஓட்டம் காணாது. கல்குலேற்றர் என்றால் ஓடலாம். எங்களிடம் இருந்தது இரண்டு கலம்.

கலத்தைச் சனி, ஞாயிறு வகுப்பறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனோம். திங்கட்கிழமை அவள்தான் முதலில் மாட்டிப் பார்த்தாள். 0.05கூட இல்லை. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதா நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது, ஆனால் இருந்தது. விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தாள். மஞ்சள் கறை, ஈரம் இல்லை.

"தண்ணி காஞ்சிருச்சு மிஸ். சாயம் இன்னும் இருக்கு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்குத்தான் அவங்க அந்தச் செப்புச் சாமானைப் போட்டாங்களா?"

ஆம் என்றேன். ஒரு துளி விட்டாள். இலக்கம் திரும்ப ஏறியது, முந்திய அளவுக்கு இல்லை.

அவள் வர்த்தகத்துக்கு மாறுவாளா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெரியாது. பஸ் காசு, வீட்டு நிலைமை, பரீட்சைப் புள்ளி என்று அந்த முடிவுக்குள் எத்தனையோ இருக்கு. ஒரு மல்ரிமீற்றர் அதைத் தீர்மானிக்கும் என்று நினைக்க நான் சின்னப்பிள்ளை இல்லை. இப்போதைக்கு அவள் மங்குஸ்தான் காலம் வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோலின் கறை சட்டையில் பட்டால் எத்தனை தரம் கழுவினாலும் போகாதாம், அப்படியென்றால் வெயிலுக்கும் லேசில் போகாது என்பது அவளுடைய கணக்கு. அதிலும் இருப்பது சயனிடின் குடும்பம்தான் என்று சொன்னேன். "சட்டைக்கு வெயில் பட்டது வேற, இதுக்குப் படுறது வேற மிஸ், போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்" என்றாள்.